சூசையின் கைபிடிக்கு எந்தப் பிற்?

கடை திறந்து சாம்பிராணிப் புகைகூட அடங்கவில்லை. வங்காலை மெற்றில்டா உள்ளே வந்து, கைக்குள் பொத்திப் பிடித்திருந்த கைலேஞ்சியைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்து அவிழ்த்தாள். தாலிக்கொடியை அடகு வைக்க வந்தவள் போல அவ்வளவு மெதுவாக அவிழ்த்தாள். உள்ளே இருந்தது ஒரு அங்கர் போல்ற்.

சுவரில் பாரமான சாமான் பூட்டுவதற்கு நான் தினமும் விற்கிற போல்ற்தான். ஆனால் இதைச் சுற்றி மஞ்சளாக ஏதோ உருகி இறுகி, போத்தல் தக்கை மாதிரிக் கட்டியாகிக் கிடந்தது. மஞ்சளின் மேல் முழுக்கச் சாம்பல் நிற மா.

“குளியலறைக் கைபிடியில இருந்து இதுதான் ராத்தா கழண்டு வந்தது,” என்றாள். “அவரும் இதோட சேர்ந்து விழுந்திட்டார்.”

“ஆர், சூசையா? பலத்த அடியா?”

“நாடி வெடிச்சுத் தையல் போட்டது. அது ஆறிடும். ஆள்தான் இனி எந்தக் கைபிடியையும் தொடமாட்டன் எண்டு நிக்கிறார். எனக்கு ஒரு நல்ல டிறில் பிற் தாங்கோ ராத்தா. பெரிசாத் தாங்கோ. பெரிய ஓட்டை போட்டு, பெரிய போல்ற்றாப் பூட்டுவம்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. ‘பெரிசாத் தாங்கோ’ என்ற அந்தச் சொல்லின் மேல்.

எதற்கு என்று சொல்லாத சனம்

போன கிழமை இந்தப் பத்தியில் பூட்டுகளைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் தொலைபேசியில் கேட்டார், “உங்களுக்கு ஏன் வாடிக்கையாளர்களோட எப்பவும் சண்டை?” என்று. ஐயா, நீங்கள் ஒரு நாள் வந்து என் கதிரையில் இருந்து பாருங்கோ.

மருந்துக் கடையில் நம்முடைய சனம் வயிற்றுப்போக்கை நிறம் முதற்கொண்டு விவரிக்கும். ஹாட்வெயார்க் கடைக்குள் வந்தால் வாயே திறக்காது. “ஒரு டிறில் பிற்.” எதற்கு? “ஓட்டை போட.” எதில்? “வீட்டில.” இரகசியப் பொலிசில் இருக்கிறவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகப் பேச மாட்டார்கள்.

ஒருவர் மரத்துக்கான பிற்றை வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் குத்தியிருக்கிறார். நுனி சிவந்து, கருகி, மிசினிலிருந்து புகை வந்த பிறகு என்னிடம் கொண்டுவந்து, “உங்கட சாமான் சீனாச் சாமான்” என்று பெருங்குரல் எடுத்தார். வெள்ளிக்கிழமை, கடை நிறையச் சனம். நான் இரண்டு பிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மரத்துக்கு உள்ளதன் நுனியில் நடுவே ஒரு முள்ளு இருக்கும். சுவருக்கு உள்ளதன் நுனியில் அம்புத் தலை மாதிரி ஒரு சின்னக் கடினத் தகடு பொருத்தியிருக்கும், அது தண்டைவிட ஒரு மயிரிழை அகலம். விரலால் தடவினாலே தெரியும். அவர் தடவிப் பார்த்துவிட்டு, “இதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றார்.

முதலே கேட்டது நான்தானே!

அதைவிடப் பெரிய தொல்லை அளவு. அங்கர் போல்ற்றுக்கு வெளியே குழாய் மாதிரி ஒரு கூடு இருக்கும். நட்டை முறுக்க முறுக்க அந்தக் கூடு உள்ளுக்குள் விரிந்து கொங்கிறீற்றை இறுக்கிப் பிடிக்கும். அதன் பிடிப்பு முழுவதும் அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே பிற் அந்தக் கூட்டின் வெளிப்பருமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற புரியை அளந்து வாங்கினால் கூடு நுழையாது. சரி, பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று அடுத்த அளவை வாங்கினால் கூடு எவ்வளவு விரிந்தாலும் சுவரைத் தொடாது. சட்டைப் பையில் போட்ட பேனை மாதிரிச் சும்மா நிற்கும்.

போல்ற் பெட்டியிலேயே எந்தப் பிற் என்று அச்சடித்திருக்கிறது. பெட்டியை வாசிக்கிற ஒரு மனிதரை இந்த மன்னாரில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

சூசை

மெற்றில்டாவின் புருசன் சூசை சங்கு குளித்தவன். பிறகு சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடிக்கப் போனான். கடலுக்கு அடியில் அவன் மூச்சுக்கு நிகரில்லை என்று வங்காலையில் சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது, கடைக்கு வந்தால் எல்லாச் சாமானையும் கையில் எடுத்துப் பார்த்து, ஒன்றும் வாங்காமல் என்னைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிற சூசையைத்தான்.

ஒரு நாள் ஆழத்தில் காற்று முடிந்துபோய் ஒரேயடியாக மேலே வந்துவிட்டான். ஆழத்திலிருந்து ஆறுதலாகத்தான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் உடம்புக்குள் காற்று குமிழ் கட்டி நரம்பை அடித்துவிடும். கரைக்கு வந்தபோது பேசிக்கொண்டிருந்தானாம். படகிலிருந்து இறங்கக் காலை எடுத்து வைத்தபோதுதான் கால் இல்லாதது தெரிந்திருக்கிறது. இந்தக் கரையில் அவன் முதலாவது ஆளும் இல்லை.

அன்றைக்குப் படகில், அவனை ஆறுதலாக ஏற்ற வேண்டிய கயிற்றைப் பிடித்திருந்தவன் அவனுடைய தம்பி யூட்.

சூசைக்குக் கை இரண்டும் இரும்பு மாதிரி. இடுப்புக்குக் கீழே உணர்வு கொஞ்சம் உண்டு, பலம் இல்லை. சில்லுக்கதிரையில் இருந்தபடி வலை பொத்துவான், வெங்காயம் உரிப்பான், அயல் வீட்டு ரேடியோவைத் திருத்துவான். முடியாதது ஒன்றுதான். சில்லுக்கதிரையிலிருந்து கொமட்டுக்கு மாறுவது. அதற்கு மெற்றில்டா வேண்டும். அவள் குனிந்து, கைகளை அவனுடைய கக்கத்துக்குள் கொடுத்துத் தூக்குவாள். அவளோ என்னில் பாதிகூட இல்லை.

அவள் முன்பு வேலை செய்த நண்டுக் கம்பனியின் பஸ் தினமும் அவர்கள் வாசலால்தான் போகிறது. திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். அவளால் எப்படிப் போக முடியும்?

“அதுகூடப் பரவாயில்லை ராத்தா,” என்றாள் அன்றைக்கு, கைலேஞ்சியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு. “மனுசன் தண்ணி குடிக்கிறதை விட்டிட்டார். எனக்குத் தெரியாமச் செம்பில இருக்கிறதை மரத்துக்கு ஊத்துறார். ஏனெண்டு கேட்டால் தாகமில்லை எண்டுறார். இந்த வெயிலுக்குத் தாகமில்லையாம். என்னைக் கூப்பிட வேண்டி வரும் எண்டுதான் குடிக்கிறேல்லை. டொக்டர் ஏசிப்போட்டார். இப்பிடியே போனால் சலப்பை பழுதாகி, கிட்னிக்கு ஏறி, ஆள் தப்பாதாம்.”

அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. கடலுக்குள் அத்தனை வருசம் இருந்த மனிதன் ஒரு செம்புத் தண்ணீருக்குப் பயந்துகொண்டிருக்கிறான்.

தக்கை சொன்ன கதை

போல்ற்றைக் கையில் எடுத்தேன். மஞ்சள் கட்டி என்னவென்று மணத்திலேயே தெரிந்தது. பைபர் படகுக்கு ஊற்றுகிற றெசின்.

“இது யூட்டின்ர வேலையா?”

“ஓம். அவர்தானே இப்ப படகு திருத்துறவர். ஆசையாச் செய்தவர் ராத்தா. கைபிடிக்குப் பைப்பை வெட்டி, உரசி, பெயின்ற் எல்லாம் அடிச்சு...”

அளவுகோலை வைத்துத் தக்கையின் பருமனைப் பார்த்தேன். போல்ற்றின் கூடு பன்னிரண்டு மில்லிமீற்றர். தக்கை பதினாறு. பன்னிரண்டு போட வேண்டிய இடத்தில் யூட் பதினாறு போட்டு, மிச்ச இடத்தை றெசினால் நிரப்பியிருக்கிறான்.

வேறு எந்த ஊரிலும் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். அளவு பிழைத்தால் ஈர்க்குச்சியைச் செருகுவார்கள், கடதாசியை மடித்து அடைப்பார்கள். இது படகுக்காரர் மூளை. படகில் போல்ற் இறுக்கமாகப் போனால் பைபர் வெடிக்கும். அதனால் ஓட்டையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, போல்ற்றை விட்டு, சுற்றி றெசின் ஊற்றுவார்கள். போல்ற்றும் அசையாது, தண்ணீரும் வராது. எங்கள் கரையில் படகு மட்டுமா? உடைந்த வாளி, பிளாஸ்திக் கதிரைக் கால், கோழிக்கூட்டுக் கதவு, எல்லாவற்றுக்கும் றெசின்தான். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் சப்பாத்து அடியை றெசின் வைத்து ஒட்டியதை நானே கண்டிருக்கிறேன். மாப்பிள்ளை அன்று முழுக்க மரக்கால் வைத்தவர் மாதிரி நடந்தார்.

“ஓட்டையைக் கழுவினவரா?” என்று கேட்டேன்.

“ஓ, வடிவாக் கழுவினவர். நல்ல தண்ணி ஊத்தி.”

அதுவும் படகுப் பழக்கம். உப்புப் போக நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிட்டுத்தான் படகில் றெசின் வைப்பார்கள். குளியலறைச் சுவரின் ஓட்டைக்குள் எந்த வெயில் போகும்? கொங்கிறீற்றைக் குடைந்த தூள் தண்ணீரோடு சேர்ந்து களியாகியிருக்கிறது. றெசின் அந்தக் களியைத்தான் பிடித்தது. சுவரைத் தொடவே இல்லை. தக்கையைச் சுற்றிப் பூசியிருந்த சாம்பல் மா அதுதான். சுவருக்கென்றே ஒட்டுப்பசை இருக்கிறது, அதையும் நான் விற்கிறேன். அதுவும் தூசி இல்லாத காய்ந்த ஓட்டையில்தான் பிடிக்கும்.

மெற்றில்டாவுக்கு இதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு மெல்லிய குரலில், “யூட் இப்ப வீட்டுக்கு வாறேல்லை ராத்தா,” என்றாள்.

“ஏன்?”

“விழுந்த அண்டைக்கு, நாடியில இரத்தம் ஓட ஓட, இவர் சொல்லிப்போட்டார்... ‘நீ பிடிச்சது எதுதான் நிண்டது?’ எண்டு.”

கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. இருந்தாலும் அவள் சுற்றிப் பார்த்தாள். விபத்து நடந்து இவ்வளவு காலத்தில் சூசை தம்பியை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அன்றைக்குத்தான் அந்தச் சொல் வெளியே வந்தது.

சுவர் இல்லாத வருசங்கள்

இங்கே நான் கொஞ்சம் விலகிப் போகிறேன். ஏன் ஒரு கடைக்காரி கடையைப் பூட்டிவிட்டு வங்காலைக்கு வெளிக்கிட்டாள் என்று கேட்பீர்கள் அல்லவா.

எங்கள் முஸ்லிம் சனத்தை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது நான் பாடசாலைப் பிள்ளை. புத்தளப் பக்கம் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். கொட்டிலில் எதையும் பூட்ட முடியாது, கட்டத்தான் முடியும். விளக்கைக் கட்டுவோம், பையைக் கட்டுவோம், என் தம்பியின் தொட்டிலைக் கட்டினோம். கயிறு முடிச்சுகளில் நான் இன்றைக்கும் எந்த மீன்பிடிகாரனுக்கும் சளைத்தவள் இல்லை.

பிறகு வாடகை வீடு கிடைத்தது. கல்வீடு. வீட்டுக்காரி நல்ல மனுசி, ஆனால் ஒரே ஒரு கட்டளை: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கலியாணம் முடித்தும் அதே வீட்டில்தான். எங்கள் நிக்காஹ் படம் அலுமாரியின் மேல் படுத்துக் கிடந்தது.

ஊர் திரும்பியபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. சுவர் நின்றது. என் வீட்டுக்காரர் சீமெந்து வாங்க முந்தி ஒரு டிறில் மிசின் வாங்கிக்கொண்டு வந்தார். கரண்டுகூட இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து நீளமாக வயர் இழுத்து, என் கையில் மிசினைக் கொடுத்து, “போடு” என்றார். “எங்க?” என்றேன். “உனக்கு விருப்பமான இடத்தில.” போட்டேன். தூள் பறந்து என் கண்ணெல்லாம் எரிந்தது. நான் அழுததற்கு அவர் இன்றைக்கும் தூளைத்தான் காரணம் சொல்வார்.

ஆகவே ஒருவருடைய சுவரில் ஒரு போல்ற் கழன்று விழுந்துவிட்டது என்றால் எனக்கு அது சின்ன விசயம் இல்லை. சரியான அளவை மேசையில் வைத்து, காகிதத்தில் சுற்றி, போய் வா என்று அனுப்ப என்னால் முடியவில்லை.

பன்னிரண்டு அளவில் சுவருக்கான பிற் ஒன்றைப் புதிதாக எடுத்தேன். பழையது எடுக்கவில்லை. தேய்ந்த பிற் ஓட்டையை ஒடுக்கமாகப் போடும், பிறகு போல்ற்றைச் சுத்தியலால் அடித்துச் செருகி அதன் கழுத்தை நெளித்துவிடுவார்கள். ஹமர் டிறிலைப் பையில் வைத்தேன். நாலு போல்ற், ஸ்பனர், சைக்கிள் பம்ப், ஒரு பழைய பல்லுத்தேய்க்கிற பிறஸ். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பெட்டியையும் கொண்டு போகச் சொன்னார். நான் மன்னார்த் தீவின் பாலம் தாண்டி வெளிநாடு போகிறேன் என்று நினைத்திருப்பார்.

வங்காலையில்

சோளகக் காற்று முந்தியே தொடங்கிவிட்ட வருசம் அது. ஓட்டோவின் இரண்டு பக்கத்தாலும் மண் வந்து அடித்தது. மெற்றில்டாவும் கூட இருந்தாள். ஓட்டோவை வழியிலேயே யூட்டின் படகுப் பட்டறையில் நிறுத்தச் சொன்னேன். அவள் இறங்கவில்லை. நான் இறங்கினேன்.

யூட் கவிழ்த்து வைத்த படகின் அடியை உரசிக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நரை விழுந்தவன். அவன் கைகளைப் பார்த்தேன். றெசின் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து சிவந்து கிடந்தன.

“யூட், அண்ணன் வீட்டுக்கு வா. ஓட்டை போட வேணும்.”

“நீங்கள் போடுங்கோ அக்கா. நான் போட்டால் நிக்காது.”

“பன்னிரண்டு போல்ற்றுக்குப் பதினாறு பிற் போட்டால் ஆர் போட்டாலும் நிக்காது.”

அவன் நிமிர்ந்தான். முகம் கறுத்துவிட்டது. “அக்கா, நான் படகுக்கு எத்தினை ஓட்டை போட்டவன் தெரியுமா? ஒண்டு ஒழுகியிருக்கா? இடம் விட்டால்தான் றெசின் பிடிக்கும். இறுக்கிச் செருகினால் வெடிக்கும்.”

“படகு வெடிக்கும். கொங்கிறீற்றுக்கு இறுக்கம் வேணும்.”

“சுவர் வெடிக்காதோ?”

“ஓரத்தில போட்டால் வெடிக்கும். நீ ஓரத்தில போடேல்லையே. ரெண்டு தூணிலயும் நடுவாப் பார்த்துத்தானே போட்டிருக்கிறாய்.”

அது உண்மை. மெற்றில்டாவிடம் விசாரித்து வைத்திருந்தேன். அந்தக் குளியலறையின் கூரையில் தண்ணீர்த் தாங்கி இருப்பதால் பின்பக்கம் இரண்டு கொங்கிறீற் தூண்கள். மற்றதெல்லாம் உள்ளே வெறுமையான சீமெந்துக் கல். அவசரக்காரன் என்றால் கைக்கு எட்டின கல்லில் போட்டிருப்பான். யூட் தட்டிப் பார்த்து, தூணிலிருந்து தூணுக்குப் பைப் போட்டிருந்தான். இடம் சரி, உயரம் சரி. பிழைத்தது ஓட்டை மட்டும்தான்.

சொன்னேன். அவன் உரசுகிற கடதாசியைக் கீழே வைத்தான். ஆனாலும் அசையவில்லை.

“அவர் என்னைக் காண விருப்பமில்லை அக்கா.”

“அவர் தண்ணி குடிக்கிறேல்லை. அது தெரியுமா உனக்கு?”

தெரிந்திருக்கவில்லை. ஓட்டோவில் இருந்த மெற்றில்டாவைப் பார்த்தான். அவள் ஓம் என்று தலையாட்டினாள். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டோவுக்குப் பின்னால் சைக்கிளில் வந்தான்.

தூணும் கம்பியும்

சூசை விறாந்தையில் சில்லுக்கதிரையில் இருந்தான். நாடியில் பிளாஸ்ரர். என்னைக் கண்டதும் வழக்கமான சிரிப்பு. எனக்குப் பின்னால் யூட்டைக் கண்டதும் அது நின்றுவிட்டது.

“என்ன, கடை இப்ப வீடு வீடா வருதோ?” என்று என்னிடம் கேட்டான்.

“நீ கடைக்கு வந்து ஒண்டும் வாங்காமப் போனனி. அதுதான் கடை வந்திருக்கு.”

“எனக்குக் கைபிடி வேண்டாம் ராத்தா. வீணா மினக்கெடாதேங்கோ.”

நான் காதில் வாங்கவில்லை. பழைய ஓட்டைகளை விட்டு நாலு விரற்கடை மேலே பென்சிலால் குறித்தேன். பழையதுக்குப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒன்றாக உடைந்துவிடும். போல்ற்றின் நீளத்தைப் பிற்றில் வைத்துப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, அந்த இடத்தில் வயருக்கு ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றினேன். ரேப் சுவரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். மிசினை யூட்டின் கையில் கொடுத்தேன்.

“நீங்களே...”

“எனக்குத் தோள் வலி,” என்றேன். பொய்தான்.

அவன் தொடங்கினான். வேலைக்காரன் கை. பிற் நேராகப் போனது. ஆட்டினால் வாய் அகன்றுவிடும் என்று நான் சொல்ல முன்னமே முழங்கையை விலாவோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அந்தச் சின்ன அறை முழுக்கத் தூள். முதலாவது நல்லபடி முடிந்தது.

இரண்டாவதில் பாதி வழியில் சத்தம் மாறியது. கிரீச் என்று ஒரு சத்தம், மிசின் துள்ளியது. யூட் கையை எடுத்துவிட்டான். வெளியே சில்லுக்கதிரை ஒரு முறை கிறீச்சிட்டது.

“பார்த்தியா,” என்றான் சூசை, யாருக்கும் சொல்லாதது போல.

யூட்டின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மிசினை வைத்துவிட்டு எழும்பப் போனான். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். என் உடம்பை வைத்து ஒரு வாசலை மறிப்பது பெரிய வேலை இல்லை.

“அது தூணுக்குள்ள இருக்கிற கம்பி,” என்று சூசைக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். “தூண் நல்ல தூண் எண்டு அர்த்தம். கம்பி இல்லாத தூணெண்டால்தான் நான் பயப்பட வேணும். சுவருக்கான பிற் கம்பியை வெட்டாது, வெட்டவும் கூடாது. தள்ளிப் போடு.”

யூட் நின்றான். பிறகு திரும்பக் குந்தினான். கம்பியைத் தப்பி, தூணின் ஓரத்துக்கும் போகாமல், தட்டித் தட்டி இடம் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு பிற்றை வைத்தான். இந்த முறை சத்தம் மாறவில்லை. ரேப் சுவரைத் தொட்டது. மற்ற இரண்டு ஓட்டையையும் அப்படியே போட்டு முடித்தான்.

தூசி எடுக்கிற நேரம் பழக்கதோசத்தில் கை வாளிக்குப் போயிற்று. “தொட்டாயெண்டால் கையை முறிப்பன்,” என்றேன். மெற்றில்டா பின்னால் நின்று சிரித்துவிட்டாள். சைக்கிள் பம்பின் குழாயை ஓட்டைக்குள் விட்டு அடித்தோம். உள்ளே இருந்து வெள்ளைப் புகை மாதிரித் தூள் வந்தது. பிறஸைவிட்டுச் சுழற்றி, திரும்பவும் அடித்தோம். தூள் வருவது நிற்கும்வரை அடித்தோம்.

போல்ற்றைச் செருகும்போது யூட் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கையால் தள்ள முடியவில்லை. சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்ட, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போனது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. நட்டை முறுக்கினான். முதலில் சுலபமாகச் சுற்றிய ஸ்பனர் ஒரு கட்டத்தில் கனத்தது. பிறகு நின்றுவிட்டது.

“காணும்,” என்றேன். “இனி முறுக்கினால் புரி போயிடும்.”

தொங்கியவன்

பைப்பைப் பூட்டி முடிய, சூசை சில்லுக்கதிரையை உருட்டிக்கொண்டு குளியலறை வாசலுக்கு வந்தான். அந்தப் பைப்பை நெடுநேரம் பார்த்தான்.

“தொங்கு,” என்றான்.

யூட் இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்தான்.

“காலைத் தூக்கு.”

காலை மடக்கித் தூக்கினான். நல்ல பாரமான ஆள் யூட். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பைப் அசையவில்லை. யூட்டும் இறங்கவில்லை. எனக்கு ‘போதும் இறங்கு’ என்று சொல்ல வாய் வந்தது, மெற்றில்டா என் கையைப் பிடித்துவிட்டாள். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் எங்களுக்கு இடமில்லை.

யூட்டின் உரிந்த கைத்தோலில் இரத்தம் கசிந்தது.

“போதும்டா,” என்றான் சூசை. “இறங்கு. கை வலிக்கப் போகுது.”

யூட் இறங்கி, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகத் தள்ளி நின்றான். சூசை உள்ளே உருண்டான். வலக்கையால் பைப்பைத் தொட்டான். எடுத்தான். திரும்பவும் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவையில் உடம்பைத் தூக்கினான். கால் இரண்டும் தொங்கின. இடுப்பு சில்லுக்கதிரையை விட்டு எழும்பியது. மெற்றில்டா பாய்ந்து முன்னால் போனாள்.

“தொடாதை!” என்று கத்தினான்.

அவள் நின்றாள். அவன் அந்தரத்தில் தொங்கியபடி உடம்பைத் திருப்பி, மெதுவாகக் கொமட்டின் மேல் இருந்தான். இருந்த பிறகும் பைப்பை விடவில்லை. மூச்சு வாங்கியது. நாங்கள் மூன்று பேரும் வாசலை அடைத்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

சூசை எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.

“என்ன, படமா ஓடுது?” என்றான். கையை நீட்டிக் கதவைத் தள்ளினான். கதவு எங்கள் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது. உள்ளே கொண்டி விழுகிற சத்தம் கேட்டது.

“ஐயோ, ஏன் பூட்டுறீங்கள்? விழுந்தால் எப்பிடி உள்ள வாறது?” என்று மெற்றில்டா கதவைத் தட்டினாள்.

“விழமாட்டன். எல்லாரும் அங்கால போங்கோ. மனுசனை ஆறுதலா இருக்க விடுங்கோ.”

யூட் முற்றத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி மிசினின் வயரைச் சுற்றினேன். மெற்றில்டா கதவடியிலேயே நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும் இன்னும் முன்னுக்கு நீண்டபடி இருந்தன, ஒரு ஆளைத் தூக்குவதற்கு ஆயத்தமாக. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ராத்தா,” என்றாள். “எனக்கு இப்ப என்ன வேலை?”

நான் ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டேன்.

“இரு,” என்றேன். “சும்மா இரு.”